கடல் ஒப்புவிக்கும் நாள்: இரண்டாம் வருகை பற்றி உங்கள் கேள்விகள்

திருவருகைக் காலம் என்றால் கிறிஸ்துமஸுக்கு வீடு சுத்தம் செய்கிற நாட்கள் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் ஞாயிறு வாசிக்கிற பகுதியே இயேசு மறுபடி வரும் இரண்டாம் வருகையைப் பற்றியதுதான். அதனால்தான் நியாயத்தீர்ப்பு, கடைசிக் காலம் பற்றிக் கேளுங்கள் என்றேன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. முப்பது வருடமாக ஞாயிறு பள்ளியில், வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் நடத்துகிற உரிமையில் பதில் எழுதுகிறேன். புத்தகப் பெயர் இல்லாமல் எண் மட்டும் வந்தால் அது அந்தப் புத்தகத்தின் அதிகாரமும் வசனமும்.

தண்டையார்பேட்டை: டீச்சர், போர்களைப் பார்த்தால் 2030க்குள் வருகை என்று எங்கள் ஜெபக்குழுவில் கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். சரியா?

சரியில்லை. அந்த நாளைப் பிதா ஒருவர் தவிர யாரும் அறியார், "குமாரனும் அறியார்" என்று மாற்கு 13:32-ல் இயேசுவே சொல்லிவிட்டார். அதற்கப்புறமும் நோட்டும் பேனாவுமாக உட்கார நமக்கு என்ன வேலை? அமெரிக்காவில் வில்லியம் மில்லர் தானியேல் புத்தகத்தின் 2300 நாட்களை வருடங்களாக எண்ணினார். அவரை நம்பியவர்கள் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்து, சிலர் வயலை அறுக்காமலே விட்டார்கள். மறுநாளும் பொழுது விடிந்தது. 2011 மே 21 என்று ஹெரால்ட் கேம்பிங் சொன்னார், அதுவும் அப்படியே போனது.

என் சித்தப்பா கதையையும் சொல்கிறேன். 2000 பிறக்காது என்று வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் சொன்னதை நம்பி, ஃபைபர் படகில் தனக்கிருந்த பங்கை வந்த விலைக்கு விற்றுக் காணிக்கை போட்டார். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து வெளியே வந்தால் தெருவெல்லாம் பட்டாசு. விடிகாலையில் அதே படகு வேறொருவருக்காகக் கடலில் இறங்குவதை, செருப்பைக் கையில் பிடித்தபடி மணலில் நின்று பார்த்தார். அப்புறம் மூன்று வருடம் கூலிக்குக் கிழிந்த வலை தைத்தார். தேதி சொல்கிறவர் கையில் காணிக்கை கொடுக்காதீர்கள். நகையை அடகு வைக்கவே வைக்காதீர்கள்.

கொருக்குப்பேட்டை: ஆதார் எண்தான் 666 முத்திரையா? ரேஷன் கடையில் கைரேகை வைக்கவே பயமாக இருக்கிறது.

பயப்படாமல் வையுங்கள் அம்மா. 666 என்பது வெளிப்படுத்தின விசேஷத்தில் வருகிற மிருகத்தின் எண். யோவான் அந்தப் புத்தகத்தைக் கடிதமாக எழுதியது இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த ஏழு சபைகளுக்கு. அவர்கள் புரிந்துகொள்ளத்தான் எழுதினார். எபிரேயத்தில் எழுத்துகளே எண்களாகவும் நிற்கும். "நேரோன் கேசர்" என்று எபிரேய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 666. கடைசி எழுத்தை விட்டு "நேரோ" என்று எழுதினால் 50 குறைந்து 616. சில பழைய கையெழுத்துப் படிகளில் 616 என்றே இருக்கிறது. ஆகவே, கிறிஸ்தவர்களைக் கொன்ற ரோம ராயன் நீரோவைத்தான் அந்த எண் சுட்டுகிறது என்பது பல அறிஞர்களின் முடிவு. கடவுளுக்குரிய வணக்கத்தைத் தனக்குக் கேட்கிற அதிகாரம் எங்கே தலைதூக்கினாலும் அங்கே மிருகத்தின் சாயல் உண்டு. அரிசி வாங்குவதில் அது இல்லை.

பெரம்பூர்: சிவப்பு நிலா வந்ததே, எந்த வருடம் என்று தோராயமாகவாவது...

முதல் பதிலைப் படியுங்கள்.

வியாசர்பாடி: 2004 சுனாமியும் 2023 டிசம்பர் வெள்ளமும் இந்த ஊர்ப் பாவத்துக்கு நியாயத்தீர்ப்பு என்கிறார்களே?

சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது இதே பேச்சு எழுந்தது. மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே பதிலும் சொன்னார் (லூக்கா 13). சுனாமி வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக்குத் திருப்பயணம் போனவர்களையும் அலை கொண்டுபோனது. செத்தவர் வீட்டு வாசலில் நின்று இப்படிப் பேசுவது பாவம்.

கொடுங்கையூர்: நரகம் என்பது எருசலேமின் குப்பைமேடு, எங்கள் ஊர் மாதிரி எப்போதும் புகைந்துகொண்டிருக்கும் என்று போதகர் சொன்னார். உண்மையா?

கெகென்னா என்பது எருசலேமின் தெற்கே இருக்கிற இன்னோம் பள்ளத்தாக்கு. குப்பை எரிந்த கதை இடைக்காலத்து யூத உரையாசிரியர் ஒருவர் எழுதியது, இயேசு காலத்துக்கு ஆயிரம் வருடம் பிந்தியது. அதைவிடப் பழைய செய்தி எரேமியா 7:31. அங்கே பிள்ளைகளைத் தீயில் பலி கொடுத்தார்கள். குழந்தையை எரித்த இடத்தின் பெயர்தான் நரகத்துக்குப் பெயரானது. அதை நினைத்துப் பாருங்கள்.

காசிமேடு: புதிய பூமியில் "சமுத்திரமும் இல்லாமற்போயிற்று" என்று 21:1-ல் இருக்கிறது. நாலு தலைமுறையாகக் கடலை நம்பிப் பிழைக்கிறோம். போன வருடம் தொழிலுக்குப் போன என் அண்ணன் மகன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. கடலே இல்லாமல் போனால் அவன் எங்கே டீச்சர்?

தம்பி, பக்கத்தைத் திருப்பாதீர்கள், மூன்று வசனம் மேலே போங்கள். 20:13: "சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது." அதற்குப் பிறகுதான் கடல் இல்லாமல் போகிறது. பிடித்து வைத்திருந்தவர்களை ஒருவர் விடாமல் கொடுத்துவிட்டுத்தான் போகிறது. இன்னொன்றும் கவனியுங்கள். மரணமும் பாதாளமும் ஒப்புவிப்பதை அடுத்துத்தான் சொல்கிறார், முதலில் சொல்வது கடலை. கல்லறை இல்லாதவர்களின் பெயர்தான் முதலில் கூப்பிடப்படுகிறது. உங்கள் பிள்ளை கணக்கில் இருக்கிறான்.

கடல் ஏன் போக வேண்டும்? யோவான் பத்மு தீவில் இருந்தார். சபைகளுக்கும் அவருக்கும் நடுவே கிடந்தது கடல். மிருகம் ஏறி வருவது கடலிலிருந்து (13:1). பாபிலோனின் சரக்குக் கப்பல்கள் போவதும் கடலில்தான். அந்தச் சரக்குப் பட்டியல் பொன்னில் தொடங்கி மனுஷருடைய ஆத்துமாக்களில், அதாவது அடிமைகளில், முடிகிறது (18:13). பிரிக்கிற கடல், விழுங்குகிற கடல், அடிமைகளை ஏற்றிப்போன கடல். அதுதான் போகிறது.

ராயபுரத்திலிருந்து ஒரு பெரியவர்: பதில் போதாது. 15:2-ல் கண்ணாடிக்கடல் ஓரமாக ஜெயித்தவர்கள் நிற்கிறார்களே? ஆண்டவர் நியாயந்தீர்க்க வருகிறார் என்று கடல் முழங்குவதாக சங்கீதம் 96 பாடுகிறதே? சந்தோஷப்படுகிற கடலையா அழிப்பார்?

ஐயா, வலுவான கேள்வி. இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். உயிர்த்த ஆண்டவர் கரையில் கரிநெருப்பு மூட்டி மீன் வைத்துக் காத்திருந்தார், வலையில் 153 மீன் (யோவான் 21). மீன் வாடையை அவர் வெறுக்கவில்லை. தண்ணீர் போகும் என்பதைவிட, தண்ணீரில் இருக்கிற பயம் போகும் என்றே நான் வாசிக்கிறேன்.

திருவொற்றியூர்: எழுதியிருப்பது எழுதியிருப்பதுதான். உங்கள் ஆசைக்கு வசனத்தை வளைக்காதீர்கள்.

5:6-ல் ஏழு கொம்பும் ஏழு கண்ணும் உள்ள ஆட்டுக்குட்டி இயேசு. அதை அப்படியே வரைந்து வீட்டில் மாட்டியிருக்கிறீர்களா பிரதர்? படமாகப் பேசுகிற புத்தகத்தைப் படமாகத்தான் வாசிக்க வேண்டும். அதுதான் அதற்குக் கொடுக்கிற மரியாதை.

எண்ணூர்: கடல் பேச்சு வந்ததால் கேட்கிறேன். வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எங்கள் வலையெல்லாம் கறுப்பாகிப் போனது. இதற்கெல்லாம் நியாயத்தீர்ப்பு உண்டா?

உண்டு. 11:18: "பூமியைக் கெடுத்தவர்களைக் கெடுக்கிறதற்கும்" காலம் வரும். நியாயத்தீர்ப்பு என்றதும் நாம் நடுங்குகிறோம். ஆனால் வழக்குப் போட்டும் நியாயம் கிடைக்காதவனுக்கு நீதிபதி வந்து உட்காருவது நல்ல செய்தி. அந்தச் சங்கீதத்தில் கடலும் வயலும் மரங்களும் ஆர்ப்பரிப்பது அதற்காகத்தான். அதுவரை மனுக் கொடுப்பதை நிறுத்தாதீர்கள்.

மூலக்கடை: இரகசிய வருகையில் நான் எடுத்துக்கொள்ளப்பட்டு என் பிள்ளைகள் விடப்பட்டால்?

முதலில் விசுவாசிகளை இரகசியமாக எடுத்துக்கொள்வார், பிறகு எல்லோரும் காண வருவார் என்று வருகையை இரண்டு கட்டமாகப் பிரிக்கும் போதனையைப் பரப்பியவர் ஜான் நெல்சன் டார்பி, 1830களில். 1909-ல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் குறிப்புகள் அதை ஊரெங்கும் கொண்டுசேர்த்தன. 1 தெசலோனிக்கேயர் 4-ல் பவுல் எழுதியது செத்தவர்களுக்காக அழுதவர்களைத் தேற்ற. பிள்ளைகளைப் பயமுறுத்த அதை எடுக்காதீர்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை: உத்தரிக்கிற ஸ்தலம் உண்டா?

செத்த பிறகு ஆத்துமாக்கள் சுத்திகரிக்கப்படுகிற இடம் என்கிற அது கத்தோலிக்க போதனை. உங்கள் பங்குத் தந்தையிடம் கேளுங்கள்.

மணலி: நான்கு நாளாகத் தூக்கமில்லை, யாரோ என் பேரைச் சொல்லி நியாயத்தீர்ப்பு என்று கத்துவது காதில் கேட்கிறது.

இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். ஜெபிக்கிறேன், ஆனால் முதலில் டாக்டர்.

பெரம்பூர் (இன்னொருவர்): எருசலேமில் ஆலயம் கட்டத் தொடங்கினால் எத்தனை வருடத்தில்...

தேதிக் கேள்வி இத்துடன் பதினொன்று. இனி ஒன்றுக்கும் பதில் இல்லை.

புளியந்தோப்பு: என் அம்மா கடைசிவரை மாரியம்மனைத்தான் கும்பிட்டார். என்னைச் சபைக்குப் போக வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கு என்ன தீர்ப்பு?

"சர்வலோக நியாயாதிபதி நீதி செய்யாதிருப்பாரோ" என்று ஆபிரகாம் கேட்டது பிற ஊர்க்காரர்களுக்காக (ஆதியாகமம் 18:25). கடவுள் அந்தக் கேள்வியைத் தள்ளவில்லை. தீர்ப்பு சொல்கிற நாற்காலியில் நானும் இல்லை, உங்களைப் பயமுறுத்தியவரும் இல்லை. அம்மாவை நினைத்து நன்றி சொல்லி ஜெபியுங்கள் அம்மா.

காசிமேடு (அதே தம்பி): நன்றி டீச்சர். அண்ணி கேட்கச் சொன்னார். உடல் இல்லாமல் கல் வைக்கலாமா? என்ன வசனம் போடுவது?

வைக்கலாம். என்ன நடைமுறை என்று உங்கள் ஆயரிடமும் கல்லறைத் தோட்ட அலுவலகத்திலும் கேளுங்கள். வசனம் 20:13, முதல் வரி மட்டும் போதும். பிள்ளையின் பெயருக்குக் கீழே, கடலுக்குப் போன தேதியைப் போடுங்கள். அடுத்த தேதிக்கு இடம் விட்டு வையுங்கள் என்று அண்ணியிடம் சொல்லுங்கள்.