பழைய துப்பாக்கிப் பாக வரைபடம்: எதைப் பார்ப்பது, எப்படிக் காப்பது

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பழைய காகிதக் கட்டு ஒன்றோடு பெரிய நீலத் தாள் ஒன்று கிடைத்தது. துப்பாக்கியின் விசைப் பாகம் ஒன்றைக் கையால் வரைந்திருக்கிறார்கள். இது மூலப்படமா? இதில் எதை ரசிப்பது? சட்டம் போட்டு மாட்டலாமா?"

நீலத்தில் வெள்ளைக் கோடு என்றால் அது படிதான், மூலம் அல்ல. மூலம் பெரும்பாலும் கஞ்சி ஏற்றிய மெல்லிய டிரேசிங் துணியில் இந்திய மையால் வரையப்பட்டிருக்கும். அந்தத் துணியை இரும்பு உப்புக் கரைசல் பூசிய தாள்மேல் வைத்து வெயில் காட்டித் தண்ணீரில் அலசுவார்கள். ஒளி பட்ட இடமெல்லாம் நீலமாகும், கோட்டின் நிழல் விழுந்த இடம் வெள்ளையாகவே நிற்கும். 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை இது. படி என்பதால் மதிப்புக் குறைவு என்று நினைக்காதீர்கள், பட்டறையில் தொழிலாளியின் கையில் இருந்தது இந்தத் தாள்தான்.

சரி, எதைப் பார்ப்பது? முதலில் கோட்டின் தடிமன். வெளிவிளிம்புக்குத் தடித்த கோடு, மறைந்த விளிம்புக்கு விட்டு விட்டுப் போட்ட கோடு, அளவு காட்ட மயிரிழை. இத்தனையும் ரூலிங் பேனாவின், அதாவது திருகால் கோட்டின் தடிமனை மாற்றும் மைப் பேனாவின், சின்னத் திருகைத் திருப்பித் திருப்பிப் போட்டவை. நேர்கோடு வளைவோடு சேரும் இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். அங்கே மை திரளாமல், இணைப்புத் தெரியாமல், ஒரே மூச்சில் வழுக்கிப் போயிருந்தால் தேர்ந்த கை. துப்பாக்கிப் பாகங்களில் இந்தச் சந்திப்புகள் ஏராளம், அதனால்தான் எனக்கு இயந்திர வரைபடங்களிலேயே இவைமேல் தனிப் பிரியம். விரல் படும் வளைவும், நூலிழை பிசகக் கூடாத கொக்கி முனையும் ஒரே தாளில் இருக்கும்.

பழைய அமெரிக்கப் படமாக இருந்தால் சில விளிம்புகளின் குறுக்கே சாய்வெழுத்தில் சின்ன 'எஃப்' மாதிரி ஒரு குறி தெரியும். பாகத்தின் அந்த முகத்தை, அதாவது பரப்பை, இயந்திரத்தில் செதுக்கி முடிக்க வேண்டும் என்று பொருள். குறி இல்லாத முகம் வார்த்தபடியோ அடித்தபடியோ இருக்கலாம். அந்தக் குறிகளை மட்டும் விரலால் தொடர்ந்தால், எங்கே உழைப்பைச் செலவிட்டார்கள், எங்கே மிச்சம் பிடித்தார்கள் என்று விளங்கிவிடும்.

அப்புறம் திருத்தப் பட்டியலை விட்டுவிடாதீர்கள். தேதி, சுருக்கொப்பம், மாறிய அளவு என்று இருக்கும். நீலப் பரப்பில் கையால் கீறியது போலக் கொஞ்சம் கசிந்த வெள்ளைக் கோடு இருந்தால், அது பெரும்பாலும் சோடாக் கரைசலைத் தொட்டுப் பின்னால் போட்ட திருத்தம். காரம் பட்டால் அந்த நீலம் வெளுத்துவிடும், அதையே மையாக்கிக் கொண்டார்கள்! என் கணக்கில், அப்படி ஒரு திருத்தம் உள்ள தாள் பளிச்சென்ற தாளைவிட உயர்ந்தது.

ஒன்று, படத்தின்மேல் அளவுகோல் வைத்து அளக்க வேண்டாம். தாள் நனைந்து காய்ந்தது, சுருங்கியிருக்கும். எழுதிய எண்தான் அளவு.

மாட்டுவதைப் பொறுத்தவரை, தயவுசெய்து ஸ்கேன் எடுத்து அந்த நகலை மாட்டுங்கள். நீலத்துக்கு வெளிச்சமும் ஆகாது, காரமும் ஆகாது. ஆவணக் காப்பு அட்டை என்று விற்பவற்றில் பல காரம் சேர்த்தவை. மற்றக் காகிதங்களுக்கு நல்லது, இதற்குக் கெடுதல். காரம் சேர்க்காத, அமிலமும் இல்லாத தாளாகக் கேட்டு வாங்கிச் சுற்றி வையுங்கள். அமோனியா முறையில் எடுத்த, வெள்ளையில் நீலக் கோடு உள்ள படிகள் கட்டில் இருந்தால் அவற்றைத் தனியே பிரித்துவிடுங்கள். ஏற்கெனவே வெளிச்சத்தில் மங்கிய தாள் என்றால் சில வாரம் இருட்டில் வைத்துப் பாருங்கள், போன நீலத்தில் கொஞ்சம் திரும்பி வரும்.