கூண்டில் நிற்கிறவரிடம் என்ன கேட்பது?

கேள்வி: வக்கீலாகப் பதிவு செய்து இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு அடிதடி வழக்கில் அரசுத் தரப்பு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யச் சொல்லிவிட்டார் சீனியர். எழுந்து நின்றாலே நா வறண்டுவிடுகிறது. பேச்சுப் பயிற்சி வகுப்பில் சேரலாமா?
– இளம் வழக்கறிஞர், விழுப்புரம்

பதில்: அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். சீனியர் ஆபீஸில் முடிந்துபோன வழக்குக் கட்டுகள் தூசி படிந்து கிடக்குமே, அதில் நாலைந்தை எடுத்து சாட்சிகளின் வாக்குமூலத்தைப் படியுங்கள். பெரும்பாலும் பதில்தான் இருக்கும், கேள்வி இருக்காது. என்ன கேட்டிருந்தால் இந்தப் பதில் வந்திருக்கும் என்று ஒவ்வொரு வரிக்கும் எழுதிப் பார்த்தால் அதுதான் பயிற்சி. கடைசியில் வரிசையாக “நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல” என்று வரும். நம் தரப்பைச் சாட்சியிடம் சொல்லியாக வேண்டும் என்பதற்காகக் கேட்கும் கேள்விகளுக்கு வரும் மறுப்புகள் அவை, குரலை உயர்த்தினாலும் அதே ‘சரியல்ல’தான் பதிவாகும். புதியவர்கள் தெம்பையெல்லாம் அங்கேதான் செலவழிக்கிறார்கள்.

முரண்பாட்டில் கவனம் வையுங்கள். போலீஸிடம் ‘கட்டையால் அடித்தார்’ என்றவர் கோர்ட்டில் ‘அரிவாளால் வெட்டினார்’ என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உடனே “ஏன் மாற்றிச் சொல்கிறீர்கள்?” என்று பாயாதீர்கள், விளக்கம் சொல்ல நீங்களே வழிவிட்டது போலாகும். முதலில் அரிவாள் என்பதை அவர் வாயாலேயே உறுதி செய்துகொண்டு, அப்புறம் போலீஸ் வாக்குமூலத்தில் அந்த இடத்தைச் சுட்டிக்காட்டிக் கேளுங்கள். இப்படிக் கேட்பதற்கான விதி பழைய சாட்சியச் சட்டத்தில் 145-ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 148. “அப்படிச் சொல்லவில்லை” என்பார், விட்டுவிடுங்கள். புலன் விசாரணை அதிகாரி கூண்டேறும்போது, அந்தச் சாட்சி உங்களிடம் கட்டை என்றுதானே சொன்னார் என்று கேட்டுப் பதிவு செய்தால்தான் முரண்பாடு நிரூபணமாகும். இதை மறந்துவிட்டு வாதத்தின்போது வழக்குக் கட்டுகளைப் புரட்டும் ஜூனியர்கள் எல்லா கோர்ட்டிலும் உண்டு.

நா வறள்வதற்கு: முதல் மூன்று கேள்விகள் ‘ஆமாம்’ என்றே பதில் வரக்கூடியதாக இருக்கட்டும். குறுக்கு விசாரணையில் பதிலை உள்ளே வைத்தே கேள்வி கேட்கலாம், சட்டம் தடுக்கவில்லை.

கேள்வி: என் ஆங்கிலம் சுமார்தான். தாக்குப்பிடிப்பேனா?
– இன்னொரு வாசகர், திண்டுக்கல்

பதில்: விசாரணை நீதிமன்றத்தில் சாட்சியும் தமிழ், பதிவாவதும் தமிழ். உயர் நீதிமன்றத்துக்குத்தான், அரசியல் சாசனத்தின் 348-ஆவது பிரிவுப்படி, ஆங்கிலம். மேல்முறையீட்டுக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.