தவறாமல் ஜெபிக்கிறேன், ஆராதனைக்கும் போகிறேன். ஆனாலும் மனது வெறுமையாகவே இருக்கிறதே, ஏன்?

நிறைவு என்பதை ஓர் உணர்ச்சியாக எதிர்பார்க்கிறீர்களோ என்று தோன்றுகிறது. பாட்டின்போது கண் கலங்கினால் தேவன் பக்கத்தில், கலங்காவிட்டால் தூரத்தில் என்று நாமாக ஒரு கணக்கு வைத்துக்கொள்கிறோம். வேதத்தில் அப்படி ஒரு கணக்கு இல்லை. 13ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். முதல் 2 வசனங்களுக்குள் 4 தடவை "எதுவரைக்கும்" என்று கேட்கிறான் தாவீது. புகார்தான், ஆனாலும் அதுவும் ஜெபம். அன்னை தெரசா பல ஆண்டுகள் உள்ளுக்குள் இருளையே உணர்ந்தார் என்பது, 2007இல் அவருடைய கடிதங்கள் வெளிவந்த பிறகுதான் உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது. அந்த ஆண்டுகளிலும் அவர் ஜெபத்தை விடவில்லை.

யோவான் 4ஆம் அதிகாரத்தில் சமாரியப் பெண் தண்ணீர் மொள்ளத்தான் கிணற்றுக்கு வருகிறாள். இயேசு அவளுடைய 5 கணவர்களைப் பற்றிய உண்மையைத் தொட்ட பிறகே பேச்சு ஆழமாகிறது. கடைசியில் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஊருக்குள் ஓடுகிறாள். எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்தக் குடம்தான். வந்த வேலையே மறந்துபோயிற்று!

ஆகவே மனப்பாட ஜெபத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். தினமும் 10 நிமிடம், நீங்கள் மறைக்கும் விஷயத்தையே தேவனிடம் பேசுங்கள். சுவிசேஷத்தில் ஒரு சிறு பகுதியை மெதுவாக, இரண்டு தடவை வாசியுங்கள். வாரம் ஒருமுறை, பதிலுக்கு எதுவும் தர முடியாத ஒருவருக்கு உதவுங்கள். நிறைவு பெரும்பாலும் நாம் அதைத் தேடாத நேரத்தில்தான் வருகிறது. தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் மட்டும் மருத்துவரையும் பாருங்கள். அது அவிசுவாசம் ஆகாது.