தீர்ப்பில் இல்லாத பெயர்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள மாண்ட்கோமரி நகரப் பேருந்துகளில் இனப்பிரிவினையை ஒழித்தது ரோசா பார்க்ஸின் வழக்கு என்று போன கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். சட்டம் படிக்கும் என் மகள், அந்தத் தீர்ப்பில் அவர் பெயரே இல்லை என்கிறாள். எது சரி?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள அம்மா,

மகள் சொன்னதுதான் சரி. நினைவை நம்பி எழுதிவிட்டேன், திருத்திவிடுகிறேன்.

பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்து 1955 டிசம்பர் 1 அன்று கைதான கறுப்பினப் பெண் பார்க்ஸுக்கு 10 டாலர் அபராதம், 4 டாலர் நீதிமன்றச் செலவு. அந்த வழக்கில் அவர் குற்றம்சாட்டப்பட்டவர். மேல்முறையீடு அலபாமா மாநில நீதிமன்றங்களுக்குத்தான் போகும். அங்கே என்ன நடக்கும் என்பது முன்பே தெரிந்துவிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் க்ளாடெட் கால்வின் என்ற 15 வயது மாணவியும் அதே ஊர்ப் பேருந்தில் எழுந்திருக்க மறுத்துக் கைதானாள். மேல்முறையீட்டில் நீதிபதி, பிரிவினைச் சட்டத்தை மீறினாள் என்ற குற்றச்சாட்டைத் தள்ளிவிட்டு, போலீஸைத் தாக்கினாள் என்பதை மட்டும் வைத்துக்கொண்டார். மேலோட்டமாகப் பார்த்தால் இரக்கம் மாதிரி இருக்கும். ஆனால் மீறியதாகக் குற்றச்சாட்டே இல்லாத சட்டத்தை எதிர்த்து அவள் எப்படி வாதாடுவாள்? கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டார்கள்.

அதனால் 25 வயது வழக்கறிஞர் ஃபிரெட் கிரே, 1956 பிப்ரவரி 1 அன்று ஃபெடரல் (மத்திய அரசின்) நீதிமன்றத்தில் தனியாக ஓர் உரிமையியல் வழக்குப் போட்டார். பார்க்ஸின் குற்றவழக்கு மாநில நீதிமன்றத்தில் இருந்ததால், இதில் அவரை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. கடைசிவரை நின்ற வாதிகள் நான்கு பெண்கள்: ஆரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், அப்புறம் அதே கால்வின். எதிர்த்தரப்பில் இருந்த மேயரின் பெயர் கேயில், ஆகவே வழக்கின் பெயர் ‘பிரவுடர் எதிர் கேயில்’. மாநிலச் சட்டமே செல்லாது என்று கேட்டதால் மூன்று நீதிபதிகள் விசாரித்தார்கள். அங்கிருந்து அப்பீல் நேராக உச்ச நீதிமன்றத்துக்கு. ஜூன் 5 அன்று இரண்டுக்கு ஒன்று என்று தீர்ப்பு. பள்ளிப் பிரிவினை செல்லாது என்ற 1954 தீர்ப்பைப் பேருந்துக்கும் நீட்டினார்கள்.

நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சேதி வந்தபோது மார்ட்டின் லூதர் கிங் உள்ளூர் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தார். பார்க்ஸ் கைதானதை எதிர்த்துப் பேருந்தைப் புறக்கணித்த கறுப்பின மக்களை ஏற்றிப்போன கார்களைத் தடைசெய்யச் சொல்லி நகராட்சி போட்ட வழக்கு அது. அந்தத் தடையும் அன்றே கிடைத்தது! உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு ஊருக்கு வந்தது டிசம்பர் 20-ல். வழக்கில் ஜெயித்த பிறகும், அந்த ஐந்து வாரம் ஜனங்கள் பேருந்தில் ஏறவில்லை.