வேதாகமக் கேள்வி - பதில்: திரைச்சீலையை எங்கே தொங்கவிடுவது?

கேள்வி: ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளோடு, இஸ்ரவேலர் வனாந்தரத்தில் கொண்டுசென்ற வழிபாட்டுக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்தின் மாதிரி செய்கிறோம். பரிசுத்த ஸ்தலம் எவ்வளவு நீளம், மகா பரிசுத்த ஸ்தலம் எவ்வளவு நீளம் என்று யாத்திராகமத்தில் கிடைக்கவில்லை. பாதிப்பாதியாகப் பிரிக்கலாமா?

பதில்: வேண்டாம். பல மாதிரிகள் கெடுவது இந்த இடத்தில்தான். அளவு நேரடியாக இல்லை, ஆனால் கணக்கில் கிடைத்துவிடும். தெற்கே 20 பலகைகள், ஒவ்வொன்றும் ஒன்றரை முழ அகலம். ஆகவே கூடாரத்தின் நீளம் 30 முழம். மெல்லிய பஞ்சுநூல் மூடுதிரைகள் பத்து, ஒவ்வொன்றும் 4 முழ அகலம். அவற்றை ஐந்தைந்தாக இணைத்து, இரு தொகுதிகளையும் 50 பொன் கொக்கிகளால் மாட்டவேண்டும். அந்தக் கொக்கிகளின் கீழே, இரண்டு ஸ்தலங்களையும் பிரிக்கும் திரைச்சீலையைத் தொங்கவிடச் சொல்கிறது யாத்திராகமம் 26:33. ஐந்து திரை என்றால் 20 முழம். எனவே வாசலிலிருந்து 20 முழம் பரிசுத்த ஸ்தலம், மீதி 10 முழம் மகா பரிசுத்த ஸ்தலம். அகலம் 10, பலகையின் உயரமும் 10. உள்ளறை நாற்புறமும் மேலும் கீழும் ஒரே அளவு. இந்த வடிவத்தைப் பிள்ளைகள் மனதில் பதியவையுங்கள்.

முழத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தால் பிராகாரம் 100 × 50, சுற்றுத்திரை உயரம் 5, உள்ளறையில் வைக்கும் உடன்படிக்கைப் பெட்டியான பேழை 2.5 × 1.5 × 1.5. வாசல் கிழக்கே. பஞ்சுநூல் திரையையும் அதன்மேல் போடும் ஆட்டுமயிர்த் திரையையும் ஒரே நீளத்தில் வெட்டிவிடாதீர்கள். முதலாவது 28 முழம்: கூரைக்கு 10 போனால் பக்கத்துக்கு 9, தரைக்கு ஒரு முழம் மேலேயே நின்றுவிடும். இரண்டாவது 30 முழம், தரைவரை வந்து அதை மூடும். பேழையின் தண்டுகளைக் கழற்றி வைப்பதும் தவறு. அவை வளையங்களிலேயே இருக்கவேண்டும் (25:15).

கேள்வி: அப்படியானால் கடவுள் பேழைக்குள்ளா இருந்தார்?

பதில்: இல்லை. பேழைக்குள் இருந்தவை கற்பலகைகள். பேழையின் மூடியான கிருபாசனத்தின் மேலே, சிறகுள்ள இரண்டு கேருபீன் உருவங்களின் நடுவிலிருந்து பேசுவேன் என்பதே வாக்கு. வாசம்பண்ணும் இடமும் "அவர்கள் நடுவிலே" என்றே சொல்லப்படுகிறது (25:8). அதனால்தான் கூடாரம் பாளயத்தின் மையத்தில் நின்றது. சுற்றிலும் கூடாரப் பணிசெய்த லேவியர், அதற்கப்பால் திசைக்கு மூன்று கோத்திரம். மேகம் எழும்பினால் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு புறப்படவேண்டும்.

பெட்டியைக் கொண்டுபோனால் கடவுளும் வந்தாகவேண்டும் என்று இஸ்ரவேலின் மூப்பர்கள் நினைத்ததன் விளைவு 1 சாமுவேல் 4-இல் இருக்கிறது. சீலோவிலிருந்து பேழையைப் போர்க்களத்துக்கு வரவழைத்தார்கள். இஸ்ரவேலில் 30,000 காலாட்கள் விழுந்தார்கள், பேழையும் எதிரிகளான பெலிஸ்தர் கைக்குப் போனது. ஆலயத்தைக் கட்டிமுடித்த சாலொமோனோ, வானாதி வானங்களும் கொள்ளாதவரை இந்த வீடு எப்படிக் கொள்ளும் என்று ஜெபித்தான் (1 இராஜாக்கள் 8:27). எனக்கு அந்த அத்தியாயத்தில் மிகவும் பிடித்த வரி அதுதான்.

கேள்வி: ஆலயம் இடிந்தபின் எங்கே?

பதில்: இடிவதற்கு முன்பே கர்த்தருடைய மகிமை புறப்பட்டுவிட்டதாக எசேக்கியேல் தீர்க்கதரிசி காண்கிறான்: முதலில் வாசற்படி, பிறகு கிழக்கு வாசல், கடைசியில் நகரத்துக்குக் கிழக்கே உள்ள மலை. ஆனால் சிதறிப்போனவர்களுக்கு நானே சிறிது காலம் பரிசுத்த ஸ்தலமாக இருப்பேன் என்ற வாக்கும் அதே பகுதியில் வருகிறது (11:16).

பிறகு கட்டப்பட்ட இரண்டாம் ஆலயத்தையும் கி.பி. 70-இல் ரோமர் அழித்தார்கள். பத்துப் பேர் கூடித் தோராவை, அதாவது நியாயப்பிரமாணத்தை, படித்தால் அவர்கள் நடுவே ஷெகினா, அதாவது தெய்வப் பிரசன்னம், தங்கும் என்கிறது யூத ரபீக்களின் போதனைத் தொகுப்பான மிஷ்னாவின் ஆவோத் பகுதி. ஐந்து, மூன்று, இரண்டு என்று இறங்கி, தனியாகப் படிக்கும் ஒருவர்வரை அது வருகிறது.

புதிய ஏற்பாட்டில் இயேசு தம் சரீரத்தையே ஆலயம் என்கிறார் (யோவான் 2:21). பவுல் 1 கொரிந்தியர் 3:16-இல் ஆலயம் என்பது சபை முழுவதையும், 6:19-இல்தான் அவரவர் சரீரத்தை. முதலாவதை மறந்து இரண்டாவதை மட்டும் பிரசங்கிப்பது நம்மிடம் அதிகம். சபைக்குள் கட்சி கட்டியவர்களுக்கே முதல் வசனம் எழுதப்பட்டது. வெளிப்படுத்தல் 21-இல் புதிய எருசலேமின் நீளம், அகலம், உயரம் மூன்றும் சமம், 12,000 ஸ்தாதி (பழைய நீள அளவு). உள்ளறையின் வடிவம் நகரம் முழுவதற்கும் வந்துவிட்டது. அங்கே தனியாக ஆலயம் இல்லை. கர்த்தரும் ஆட்டுக்குட்டியானவருமே அதற்கு ஆலயம்.