ரோமத்துக்காக விலங்குகளை வளர்க்கும் பண்ணையிலிருந்து மீட்ட காட்டுப்பூனைகளை ஏன் காட்டில் விடுவதில்லை?

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அவை காட்டையே பார்த்ததில்லை, கூண்டில் பிறந்தவை. அமெரிக்காவில் புளோரிடாவின் டாம்பாவில் இருந்த பிக் கேட் ரெஸ்க்யூ என்ற சரணாலயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1993இல் அதை நிறுவிய கரோல் பாஸ்கினும் அவர் கணவரும் மினசோட்டா மாநிலத்தில் ஒரு ரோமப் பண்ணைக்குப் போய், அங்கிருந்த பாப்கேட், லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை வகைகளின் 56 குட்டிகளை விலை கொடுத்து வாங்கி வந்தார்கள். (காசு கொடுத்து வாங்கினால் பண்ணைக்காரனுக்கும் அது வியாபாரம்தானே என்று எனக்கு ஒரு நெருடல் உண்டு.)

பாப்கேட்டின் வயிற்றைப் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளை ரோமத்தில் கறுப்புப் புள்ளிகள். அந்தத் துண்டுக்குத்தான் சந்தையில் கிராக்கி.

புட்டிப்பால் குடித்து வளர்ந்த குட்டிக்கு மனிதர்களிடம் பயம் இருக்காது, முயலைப் பதுங்கிப் பிடிக்கவும் தெரியாது. அதை வெளியே விட்டால் பசியில் கோழிக்கூண்டைத் தேடித்தான் போகும், அப்புறம் யாராவது சுட்டுவிடுவார்கள். அதனால் ஆயுள் முழுக்கப் பராமரிக்க வேண்டியதுதான், அதுவும் கொஞ்ச காலமில்லை, காட்டில் பத்துப் பன்னிரண்டு வருடம் வாழ்கிற பாப்கேட் நல்ல கவனிப்பில் இருபதைத் தாண்டிவிடும். சரணாலயம் என்றால் இங்கே மரம், புதர், படுக்க மேடை வைத்த பெரிய அடைப்பு. நல்ல சரணாலயங்களில் இனப்பெருக்கம் செய்ய விடுவதில்லை, தொட்டுக் கொஞ்சவும் விடுவதில்லை.