போலீஸை வீடியோ எடுத்தால் வழக்கு வருமா?

கேள்வி: இரவு வாகனத் தணிக்கையில் என் தம்பியை நிறுத்தினார்கள். ஆர்.சி., லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு எஸ்.ஐ. அவனை ஒருமையில் திட்டினார். நான் செல்போனில் எடுத்தேன். "டியூட்டில இருக்குற போலீஸை வீடியோ எடுத்தா உள்ள போயிடுவ" என்று போனைப் பிடுங்கி, லாக்கை எடுக்கச் சொல்லி, வீடியோவை அழித்துவிட்டார். அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா? இனி என்ன செய்வது?

பதில்: சட்டம் பேசுவதற்கு முன் ஒரு வேலை. கேலரியில் 'ட்ராஷ்' அல்லது 'ரீசன்ட்லி டெலிட்டட்' பகுதியைத் திறந்து பாருங்கள். அழித்த வீடியோ பெரும்பாலான போன்களில் 30 நாள் வரை அங்கே கிடக்கும். அவசரத்தில் அழிப்பவர்கள் அதுவரை போவதில்லை. கிடைத்தால் மீட்டு, உடனே வேறொரு இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள்.

இனி சட்டம். பொது இடத்தில் பணியிலிருக்கும் காவலரை வீடியோ எடுப்பது குற்றம் என்று சொல்லும் பிரிவு பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் இல்லை, 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் (பி.என்.எஸ்.) இல்லை. 'எடுக்கலாம்' என்று தனியாக எழுதிவைத்த பிரிவும் கிடையாது. அரசமைப்பின் 19(1)(அ) தரும் கருத்துச் சுதந்திரத்திலிருந்துதான் இந்த உரிமை பிறக்கிறது. "என் பிரைவசி" என்று அதிகாரி சொன்னால், அதற்குப் பதில் நம்மூர் வழக்கிலேயே இருக்கிறது. ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் வெளியிடுவது தொடர்பான வழக்கில், அரசு ஊழியர் தன் அலுவல் கடமையில் செய்யும் செயல்களுக்கு அந்தரங்க உரிமையைக் கேடயமாகப் பிடிக்க முடியாது என்று 1994-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்படியானால் வழக்கே வராதா? வரலாம். வீடியோ எடுத்ததற்காக அல்ல, 'பணி செய்யவிடாமல் தடுத்தார்' என்று. பி.என்.எஸ். 221-வது பிரிவு அது: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம். சம்பந்தப்பட்ட அதிகாரியோ அவருடைய மேலதிகாரியோ எழுத்துமூலம் முறையிடாமல் நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுக்காது. பயப்பட வேண்டியது 132-வது பிரிவுக்குத்தான். காவலர் மேல் கைவைத்தார், தள்ளினார் என்றால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஜாமீனில் விட முடியாத பிரிவு. பிடுங்கிய போனைத் திரும்ப இழுக்கும் அந்த ஒரு நொடியில்தான் பலர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். எஃப்.ஐ.ஆரில் அது 'சட்டையைப் பிடித்துத் தள்ளினார்' என்று மாறியிருக்கும்.

அதனால் நான்கைந்து அடி தள்ளி நில்லுங்கள். நெஞ்சுக்கு நேராகப் போனைப் பிடியுங்கள், முகத்துக்கு நேராக நீட்டாதீர்கள். தள்ளிப் போகச் சொன்னால் பின்னால் நகருங்கள், ஆனால் பதிவை நிறுத்த வேண்டாம். பேசவே பேசாதீர்கள் என்பேன். ரீல்ஸ்களில் பார்க்கிற வெளிநாட்டு வசனங்களை இங்கே ஒப்பிப்பதால் வாக்குவாதம்தான் மிஞ்சும், அதுவும் உங்கள் வீடியோவிலேயே பதிவாகும். பெயர்ப் பட்டை, வண்டி எண், இடத்தைக் காட்டும் ஒரு பலகை, இவை ஒருமுறை தெளிவாக விழுந்தால் போதும். கைது செய்யும் அதிகாரி பெயர் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.எஸ்.) 36-வது பிரிவு.

காவல் நிலையத்துக்குள் எடுக்கலாமா என்பது சற்றுச் சிக்கலானது. அலுவலக ரகசியச் சட்டத்தில் வழக்குப் போடுவோம் என்று மிரட்டுவார்கள். அந்தச் சட்டம் சொல்லும் 'தடைசெய்யப்பட்ட இட'த்தில் காவல் நிலையம் வராது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2022-ல் தீர்ப்பளித்திருக்கிறது. நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டலாம். ஆனாலும் உள்ளே இருக்கும்போது அதை நம்பி வம்புக்குப் போகாதீர்கள். காவல் நிலையங்களில் ஒலியும் பதிவாகும் சிசிடிவி வேண்டும், பதிவை 18 மாதம் பாதுகாக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்தப் பதிவைக் கேட்பது பாதுகாப்பான வழி. நீதிமன்ற அறை, ராணுவப் பகுதி, விமான நிலையப் பாதுகாப்புச் சோதனை இடம் ஆகியவற்றில் எடுக்கவே வேண்டாம்.

உங்கள் எஸ்.ஐ. செய்ததற்கு வருகிறேன். குற்றத்தோடு தொடர்புடையது என்று சந்தேகம் இருந்தால் பொருளைக் கைப்பற்ற பி.என்.எஸ்.எஸ். 106 அதிகாரம் தருகிறது. கைப்பற்றினால் மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், 105-வது பிரிவின்படி அந்தக் கைப்பற்றலையே காவல்துறை வீடியோ எடுத்தாக வேண்டும்! மகஜர் (கைப்பற்றியதை எழுதிக் கையெழுத்து வாங்கும் ஆவணம்) இல்லாமல் பிடுங்கி, பார்த்து, அழித்துத் திருப்பித் தருவது எந்தப் பிரிவிலும் சேராது. அவசரச் சூழல் தவிர, போனைத் திறந்து தேட நீதிமன்ற வாரன்ட் வேண்டும் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-ல் சொன்னது. சாட்சியமாக வரக்கூடாது என்ற நோக்கத்தில் மின்னணுப் பதிவை அழிப்பது பி.என்.எஸ். 241-ன்படி குற்றம், அழித்தவர் சீருடையில் இருந்தாலும்தான்.

வீடியோவின் மதிப்பு அதைக் காப்பாற்றுவதில் இருக்கிறது. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளி போலீஸ் விசாரணையில் இறந்த வழக்கில், போலீஸ் அவரை அடிப்பதை ஒருவர் மறைவாக நின்று எடுத்த சிறு வீடியோ சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வின் முன் வந்தது. வழக்கு பிறகு சிபிஐக்குப் போனது. எடுத்ததை வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும், கோப்பில் உள்ள விவரங்களும் போய்விடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். வெட்டி ஒட்டாதீர்கள், எடுத்த போனை விற்காதீர்கள். பிரதியை நீதிமன்றத்தில் கொடுக்க புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் (பி.எஸ்.ஏ.) 63-வது பிரிவின் சான்றிதழ் வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும், கைரேகை போன்ற ஒரு குறியீடு) குறிப்பிட வேண்டும். வெளியிடுவது வேறு கதை: சிறுவர்கள், பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர்கள் அடையாளம் தெரிந்தால் வெளியிட்டவரே குற்றவாளி ஆகக்கூடும். முகநூலுக்கு முன் வக்கீலிடம் காட்டுங்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: நாள், நேரம், இடம், அதிகாரியின் பெயர் குறித்து மாவட்ட எஸ்.பி.க்கு (மாநகரம் என்றால் கமிஷனருக்கு) டெலிவரிச் சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் புகார் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் மனு ரசீது வாங்காமல் வராதீர்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போக ஓராண்டு கெடு இருக்கிறது. அந்தத் தணிக்கைச் சாவடி அருகே கடையோ பெட்ரோல் பங்கோ இருந்தால், அங்குள்ள கேமராப் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி இன்றே எழுதிக் கொடுங்கள். சில நாட்களில் அதன் மேலேயே அடுத்த பதிவு ஏறிவிடும்.